வாய்விட்டுச் சொன்ன ஓட்டு

சிடார் கிரீக், கென்டக்கி
1828 நவம்பர் 9

அன்புள்ள தம்பி ஓரின்,

சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாய். தேர்தல் நடந்த மூன்று நாளும் என் வீட்டில்தான் படுத்தாய், என் கையால்தான் சாப்பிட்டாய். மூன்றாம் நாள் சாயங்காலம் பார்த்தால் உன் பையைக் காணோம். பிராங்க்ஃபோர்ட்டில் உன் பத்திரிகை காத்திருக்கிறது, சரி. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் பத்திரிகை ஓடிப்போய்விடுமா?

உன் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். எதிர்ச்சாரித் தொப்பிக்கடை ஜன்னலிலிருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீதிமன்ற வாசலில் ஷெரிஃப் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "ஹிராம் பிரூயிட்! யாருக்குய்யா உன் ஓட்டு?" என்று கூப்பிட்டான். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. உன் அத்தான் தொப்பியைக் கழற்றி, "இப்ப அதிபர் பதவியில இருக்காரே, அவருக்குத்தான்" என்று உரக்கச் சொன்னார். கூட்டத்தில் ஒருவன், "என்ன போஸ்ட்மாஸ்டரே, வேலை போயிடுமேன்னு பயமா?" என்று கத்தினான். அதற்கு அவர் சொன்னதும் கேட்டது. "நியூ ஆர்லியன்ஸ்ல பிரிட்டிஷ்காரனோட நடந்த சண்டையில நான் ஓடலைய்யா. கையில துப்பாக்கிகூட இல்லாம எங்களைக் கொண்டுபோய் நிறுத்திட்டு, கென்டக்கிக்காரங்க மானங்கெட்டு ஓடிட்டாங்கன்னு உங்க ஜெனரல் எழுதி வெச்சாரு. அவருக்கு என் வாயால ஓட்டு வராது."

நீ ஜெனரலுக்கு ஓட்டுக் கேட்டு விஸ்கி பீப்பாய் மேல் நின்றுகொண்டிருந்தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதை அவரும் பார்த்தார். வீட்டுக்கு வந்து, "ஓரின் நல்லாப் பேசறான்ல?" என்று மட்டும் கேட்டார்.

நம் வட்டத்தில் உன் ஜெனரல் ஜெயித்துவிட்டார், உனக்குச் சந்தோஷம்தானே? ஒரு வரி எழுது. போஸ்ட்மாஸ்டர் வீட்டுத் தபாலுக்குக் கட்டணம் கிடையாது என்ற சாக்கிலாவது எழுது.

அக்கா,
கெசையா

*

பிராங்க்ஃபோர்ட்
1828 நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொண்டு போகவில்லை. வெட்கப்பட்டுப் போனேன். அந்தப் பீப்பாய் மேல் நின்று இரண்டு மாதம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். விறகு வெட்டுகிறவனும் தோல் பதனிடுகிறவனும் வரிசையில் நின்று, சட்டை மடிப்புக் கலையாத கனவான்களின் முகத்துக்கு நேரே "ஜெனரலுக்கு!" என்று முழங்கியதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. நாற்பது வருடமாக இந்த நாட்டைப் பத்துக் குடும்பங்கள் தங்களுக்குள் பந்தாடிக்கொண்டிருந்தன. இந்த வருடம்தான் மக்கள் கைக்கு வந்திருக்கிறது. அந்த நேரத்தில் என் சொந்த அத்தான் எழுந்து, ஊரே கேட்க எனக்கு எதிராகச் சொல்கிறார். என்னோடு நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை உனக்குத் தெரியாது.

போகட்டும். அத்தானின் மனக்குறை எனக்குப் புரியாமல் இல்லை. பதினான்கு வருடப் புண், ஆறட்டும். அவருக்கு ஒன்றும் ஆகாது. எங்கோ மூலையில் கடிதங்களைப் பிரித்துப்போடும் மனிதரை ஜெனரலா தேடிவந்து பழிவாங்கப் போகிறார்?

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். பத்திரிகைக்காக நீதிமன்றத்தில் எனக்குக் கொஞ்சம் எழுத்து வேலையும் இருக்கிறது. புகைபோட்ட பன்றித் தொடையை எனக்காக எடுத்துவை.

உன் தம்பி,
ஓரின்

*

வாஷிங்டன்
1829 மார்ச் 8

அக்கா! அத்தான்!

நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பதவியேற்பு முடிந்ததும் ஜெனரல் குதிரையேறி அதிபர் மாளிகைக்குப் போனார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் போனோம், சேறு படிந்த பூட்ஸோடு. காவலும் இல்லை, அழைப்பிதழும் இல்லை. பட்டு நாற்காலிகள் மேல் ஏறி நின்று அவர் முகத்தைப் பார்த்தோம். என் பக்கத்தில் நின்ற டென்னசிக் குடியானவன் கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உடைந்தது. அவன் பதறிப்போக, வேறொருவன் சொன்னான்: "விடு அண்ணே, இது நம்ம வீடு. நம்ம சாமான்தான் உடைஞ்சுது." கூட்டத்தில் ஜெனரல் நசுங்கிவிடுவாரோ என்று பயந்து பின்வழியாக அழைத்துப் போனார்கள். கடைசியில் சாராயத் தொட்டிகளைப் புல்வெளிக்குக் கொண்டுபோய் வைத்துத்தான் எங்களை வெளியேற்ற முடிந்தது.

இங்கே உள்ள சீமாட்டிகள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்துக்கொள்ளட்டும்.

இன்னொரு சேதி. எனக்குத் தலைநகரில் எழுத்தர் வேலை கிடைத்திருக்கிறது. நாடு முழுவதிலும் உள்ள தபால் நிலையங்களின் காகிதங்கள் நான் வேலைபார்க்கும் அறையைத் தாண்டித்தான் போகின்றன. டால்பட் வீட்டுப் பிள்ளை அரசாங்கத்தில்! அப்பா இருந்திருந்தால் நம்பியிருப்பாரா?

ஓரின்

*

சிடார் கிரீக்
1829 மே 17

ஓரின்,

செவ்வாய்க்கிழமை தபால் பை வந்தது. வழக்கம்போல உன் அத்தான் பூட்டைத் திறந்து மேசையில் கொட்டினார். ஊர்ச் சனம் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுத்தார். அதில் அவர் பெயருக்கே ஒன்று இருந்தது. அதைத் தனியாக வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுத்து முடித்தார், அப்புறம்தான் பிரித்தார். நான்கே வரி. அவர் பதவி நீக்கப்பட்டார், அவர் இடத்துக்கு லெவி கிரம்ப் நியமிக்கப்பட்டான், சாவிகளை ஒப்படைக்கவும். காரணம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. பதினோரு வருட வேலைக்கு ஒரு நன்றிகூட இல்லை.

லெவி கிரம்ப்! சாராயக்கடை லெவி! தேர்தலுக்குப் பீப்பாய் கொடுத்தானே, அவனேதான். முகவரியை எழுத்துக்கூட்டிப் படிக்கவே அவனுக்கு அரை மணி ஆகும். இனி ஊர்க் கடிதமெல்லாம் அவன் கடையில், மூக்குப்பொடி டப்பாக்களுக்கு நடுவில்.

உன் அத்தான் சாவிகளை எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். "இனிமே அந்தப் படியை நான் மிதிக்கமாட்டேன்" என்றார். இடது கை சண்டையிலேயே பாழாகிவிட்டது, கலப்பை பிடிக்க வராது என்பது உனக்குத் தெரியும். இந்த வேலைதான் எங்கள் சோறு.

நீ அங்கேயே இருக்கிறாய். உன் அறையைத் தாண்டித்தான் காகிதம் போகிறது என்றாய். எங்கோ தவறு நடந்திருக்கிறது. போய்க் கேள், இதைத் திருத்து. உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

கெசையா

*

வாஷிங்டன்
1829 ஜூன் 4

அன்புள்ள அக்கா,

சேதி கேட்டு மிகவும் வருந்துகிறேன்.

இதை நீ கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பதவி என்பது யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அல்ல. ஒரே ஆள் பதினோரு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால், அது தன் வீட்டு நாற்காலி என்று நினைத்துக்கொள்வான். சாதாரண மனிதர்கள் முறைவைத்து வரவேண்டும், போகவேண்டும். இதுதான் ஜெனரலின் கொள்கை. இதில் அத்தான்மேல் தனிப்பட்ட பகை ஒன்றும் இல்லை. கென்டக்கியில் மட்டும் எத்தனையோ பேர் மாற்றப்பட்டிருக்கிறார்கள்.

நான் பேசிப் பார்க்கிறேன். ஆனால் இப்போது நேரம் சரியில்லை, மேலே உள்ளவர்கள் நிறைய வேலையில் இருக்கிறார்கள். பொறுமையாக இரு.

ஓரின்

*

சிடார் கிரீக்
1829 ஆகஸ்ட் 2

ஓரின் டால்பட்டுக்கு,

பொறுமையாகத்தான் இருந்தேன். இன்று காலை தேவாலயத்துக்கு வெளியே நீதிமன்ற எழுத்தர் அம்ப்ரோஸ் என்னிடம் வந்து நின்றார், தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே. "கெசையாம்மா, உங்ககிட்ட சொல்லாம எனக்குத் தூக்கம் வரலை. கிறிஸ்துமஸ் சமயத்துல உங்க தம்பி ரெண்டு நாள் எங்க ஆபீஸ்ல உக்காந்து ஓட்டுப் புத்தகத்தை நகல் எடுத்தாரு. யார் யாரு ஜெனரலுக்கு எதிரா சொன்னாங்கன்னு மட்டும். எதுக்குன்னு கேட்டேன், பத்திரிகைக்குன்னாரு" என்றார்.

பத்திரிகைக்கு! காலையில் என் அடுப்பங்கரையில் பன்றித் தொடையும் மக்காச்சோள ரொட்டியும் தின்றுவிட்டு, உன் அத்தான் தன் கையாலேயே உனக்குப் பேனா சீவிக் கொடுக்க, அதை எடுத்துக்கொண்டு போய் அவர் பெயரையே எழுதியிருக்கிறாய். சாயங்காலம் திரும்பிவந்து அவரோடு உட்கார்ந்து செஸ் விளையாடினாய். அவர் உன்னை ஜெயிக்கவும் விட்டார்.

மக்கள், மக்கள் என்று எழுதுகிறாயே, அந்த மக்கள் யார் என்று எனக்கும் சொல். அன்றைக்கு நீதிமன்ற வாசலில் எஜமானர்களின் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற கறுப்பர்கள் இல்லை. தொப்பிக்கடை ஜன்னலில் நின்ற நான் இல்லை. இப்போது ஹிராமும் இல்லை. இன்னும் இரண்டு தேர்தல் போனால் நீயும் உன் ஜெனரலும் மட்டும்தான் மிஞ்சுவீர்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பட்டியலை நீதான் அனுப்பினாயா? ஆம் அல்லது இல்லை. கொள்கை வேண்டாம்.

கெசையா பிரூயிட்

*

வாஷிங்டன்
1829 ஆகஸ்ட் 20

அக்கா,

ஆம்.

இதை அத்தானுக்குப் படித்துக்காட்டு. அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எல்லா வட்டத்திலிருந்தும் பட்டியல் கேட்டார்கள். பதவியில் இருந்துகொண்டு எதிராகச் சொன்னவர்கள் யார் என்று. நம் வட்டத்துக்கு, கிறிஸ்துமஸில் எடுத்த நகலை வைத்து நான் எழுதினேன். மொத்தம் ஒன்பது பெயர். அத்தான் பெயரை விட்டுவிடலாமா என்று பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விட்டால், சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று நாளைக்கு எவனாவது சொல்வான். அந்தச் சலுகையைத்தானே ஒழிப்பதாகப் பீப்பாய் மேல் ஏறி நின்று கத்தினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பட்டியலை யாராவது படிப்பார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு பெயராக நிறுத்தி, "டால்பட், இவர் எப்படி?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அப்போது நான், "இவர் கண்ணியமான மனிதர், சண்டையில் ஒரு கை பாழானவர், இவரை விட்டுவிடுங்கள்" என்பேன், அவர்களும் விட்டுவிடுவார்கள். என் வார்த்தையால்தான் பிழைத்தோம் என்று அத்தானுக்கும் ஒருநாள் தெரியவரும். இப்படியெல்லாம் கற்பனை செய்தேன். யாரும் கேட்கவில்லை அக்கா. பட்டியல் போன அன்றைக்கே ஒன்பது பெயருக்கும் கடிதம் தயாராகிவிட்டது. அந்தக் கட்டு என் மேசையைத் தாண்டித்தான் போனது. எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

அத்தான், என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஓரின்

*

சிடார் கிரீக்
1829 செப்டம்பர் 6

ஓரின் டால்பட்டுக்கு,

உன் கடிதத்தை ஹிராமுக்குப் படித்துக் காட்டினேன். சொல்ல ஒன்றும் இல்லை என்றார். இனி எழுத வேண்டாம் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

தபால் வாங்க லெவி கடைக்கு இப்போது நான்தான் போகிறேன். கட்டணம் கொடுத்துத்தான் வாங்கவேண்டும். உன் கையெழுத்தைப் பார்த்தால் வாங்காமல் அங்கேயே விட்டுவிட்டு வருவேன்.

கெசையா பிரூயிட்

*

வாஷிங்டன்
1833 அக்டோபர் 14

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. லெக்சிங்டனுக்குத் திரும்பும் ஒரு குதிரை வியாபாரியின் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் நான் போட்ட நான்கும் திரும்பி வந்துவிட்டன. உன் வீட்டு வாசலில் நின்று நீட்டினால் வாங்கிக்கொள்வாய் என்ற நம்பிக்கை.

போன மாதம் என் வேலை போய்விட்டது. பணக்காரர்களின் கையிலிருக்கும் தேசிய வங்கியை ஒழிக்க, அரசாங்கப் பணத்தை அதிலிருந்து எடுக்கச் சொன்னார் ஜெனரல். நிதி மந்திரி மாட்டேன் என்றார். உடனே மந்திரியையே தூக்கிவிட்டார். நாங்கள் எழுத்தர்கள் தங்கியிருக்கும் விடுதியில் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "வங்கி ஒழியட்டும்ப்பா, எனக்கு அதுல வருத்தமே இல்ல. ஆனா அது சட்டம் அந்த மந்திரிக்குக் குடுத்த வேலை. மாட்டேன்னு சொல்ற உரிமை ஒருத்தருக்கும் இல்லைன்னா, அப்புறம் அவருக்கும் ராஜாவுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். எதிரில் இருந்தவன் சிரித்தான். "ராஜாவை யாரு தேர்ந்தெடுத்தா? நம்ம ஆளை நாடே தேர்ந்தெடுத்துது. அவரை எதிர்க்கிறவன் நாட்டையே எதிர்க்கிறான்" என்றான். அது நான் எழுதிய வாக்கியம் அக்கா. 28-ல் என் பத்திரிகையில் நான் எழுதியது.

நான்காம் நாள் என் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. அதே நான்கு வரி. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏதோ ஒரு பட்டியலில் என் பெயரை யாரோ எழுதியிருக்கிறார்கள். இப்படி என்னைப் பற்றி நானே புலம்புவது உனக்கு எரிச்சலாக இருக்கும்.

எந்தப் பத்திரிகையும் என்னைச் சேர்க்காது. ஜெனரலின் ஆட்களுக்கு நான் துரோகி, எதிராளிகளுக்கு நான் பழைய அடியாள். சிடார் கிரீக்கைத் தவிர எனக்குப் போக இடமில்லை. ஆனால் அத்தான் எழுத வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவேன்? அவரிடம் கேள். நாலு வருடம் ஆகிவிட்டது. இப்போதாவது மன்னித்துவிட்டாரா என்று கேட்டு எழுது. வா என்று அவர் சொன்னால் வருகிறேன். வராதே என்றால் மேற்கே எங்காவது போய்விடுகிறேன்.

ஓரின்

*

சிடார் கிரீக்
1833 நவம்பர் 3

தம்பி,

அவரிடம் கேட்க முடியாது. ஜூன் மாதம் லெக்சிங்டனில் காலரா வந்தபோது ஹிராம் போய்விட்டார். காலையில் வண்டியிலிருந்து பைகளை இறக்கினாராம், மறுநாள் பொழுது விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பைக்கூட ஊருக்குக் கொண்டுவர விடவில்லை. அங்கேயே நிறையப் பேரோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள்.

எந்தப் பைகள் என்று கேட்பாய். தபால் பைகள்தான். லெவி கிரம்ப் போன வருடம் லெக்சிங்டன் வண்டிக்கு ஆள் தேடினான். உன் அத்தான் அவன் கடைப் படியேறிப் போய் அந்த வேலையைக் கேட்டார். ஒரு கையால் கடிவாளம் பிடிக்கலாம், பை இறக்கலாம், வேறு எதுவும் அவரால் முடியவில்லை. லெவி மறுக்கவில்லை. "தேர்தல் வருது, அதையும் பார்த்துக்கலாம்" என்றானாம்.

தேர்தல் வந்தது. நம் கென்டக்கிக்காரர் ஒருவரே ஜெனரலுக்கு எதிராக நின்றார். நான் மறுபடியும் தொப்பிக்கடை ஜன்னலில் நின்றேன். போகாமல் இருந்திருக்கலாம். லெவியும் அவன் ஆட்களும் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஷெரிஃப் பெயரைக் கூப்பிட்டான். உன் அத்தான் தொப்பியைக் கழற்றவில்லை. "ஜெனரலுக்கு" என்றார். "கேக்கலையே ஹிராம், கொஞ்சம் சத்தமா!" என்றான் லெவி. "ஜெனரலுக்கு!" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவன் முதுகில் தட்டி, "இப்பவாவது ஓடாம நின்னியே!" என்றான். வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வண்டி வேலை கிடைத்தது. அந்த வண்டிதான் அவரை லெக்சிங்டனுக்குக் கொண்டுபோனது.

உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்று இந்தக் காகிதத்தில் எழுதி முடியாது. நீ செத்துப்போயிருந்தால்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டேன் என்று ஒருநாள் நினைத்தேன். அதை நினைத்தது பாவம் என்று தெரிந்தும் நினைத்தேன். உனக்கும் அதே நான்கு வரி வந்தது என்று படித்தபோது முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதையும் மறைக்கவில்லை.

ஆனால் நான் சொல்லவேண்டியது வேறு. உன் கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. "ஆம்" என்று நீ ஒப்புக்கொண்டு எழுதியிருந்தாயே, அதை அடுப்பங்கரையில் நின்றபடியே படித்து, அப்படியே நெருப்பில் போட்டுவிட்டேன். அவர் சொல்ல ஒன்றும் இல்லை என்றதும் இல்லை, எழுத வேண்டாம் என்றதும் இல்லை. அதெல்லாம் நான் சொன்னது. நீ ஊர்ச் சனத்தின் பெயரில் பேசினாய், நான் என் புருஷன் பெயரில் பேசினேன்.

அம்ப்ரோஸ் சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். "அவனே எழுதுவான் பாரு. ஓரின் மனசுல வெச்சுக்கத் தெரியாதவன். எழுதினான்னா எங்கிட்ட குடு" என்றார். அதற்கப்புறம் நான் லெவி கடைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். "ஓரின்கிட்டேருந்து ஏதாவது?" ஒன்றும் இல்லை என்பேன். ஒருதரம் உன் கடிதத்தை லெவி நீட்டியபோது வாங்காமல் விட்டுவிட்டு வந்த அதே நாளில், முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னேன். மூன்று வருடம் கேட்டார். வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். உனக்கு அவர் நினைப்பே இல்லை என்று எண்ணிக்கொண்டுதான் போயிருப்பார்.

வருவதானால் வா. மாடி அறை காலியாக இருக்கிறது, கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது, நீதான் சரிசெய்ய வேண்டும். ஊரில் யாரும் உன்னைத் தோளில் தூக்கமாட்டார்கள். நானும் நல்ல முகம் காட்டுவேன் என்று எதிர்பார்க்காதே.

அவர் மன்னித்துவிட்டாரா என்று கேட்டிருந்தாய். மன்னித்திருப்பார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. எழுத மாட்டேன். அவர் வாயால் சொல்லாததை அவர் பெயரில் ஒருதரம் சொன்னது போதும்.

அக்கா